ஒன்பதாம் கேள்விக்கு எழுதிய ஆம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது சர்வதேசக் குழந்தைகள் ஆண்டாம். அதற்காக ஒரு மாதப் பத்திரிகை சிறப்பு மலர் போடுகிறது. "குழந்தைகளைப் பற்றி, நெஞ்சைத் தொடும்படி ஒரு கதை, பன்னிரண்டு பக்கத்துக்கு மிகாமல்" என்று ஆசிரியர் எனக்குக் கார்டு போட்டிருந்தார். என்னிடம் ஒன்று இருக்கிறது என்று மறுதபாலிலேயே எழுதிவிட்டேன். பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் எதை எழுதித் தொலைத்தேன் என்று உறைத்தது.

இருக்கிறது என்று எழுதியது பொய்யில்லை. இதன் முதல் பிரதியை இரண்டு வருஷத்துக்கு முன்பே முடித்துவிட்டேன். மலையாளத்தில், அச்சிட்ட படிவத்தில், நாற்பது கேள்விகளுக்கு எதிரே. அதற்குப் பாராட்டிச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

விஷயம் இதுதான். எழுபத்தேழில் இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் வேலை எனக்கு. நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அதில் ஆறு வீடுகளுக்கு நான் போகவே இல்லை. போகாமலே நிரப்பினேன். ஆறில் ஒன்று அன்னாளின் வீடு. அன்னாள் கொழுந்து எடுப்பவள். அவளுக்கு ஒரு மகள், சகாயமேரி, அப்போது இரண்டரை வயது.

கதை இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் பூசி மெழுகப்போவது. பூசுகிற இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் நீங்களே கண்டுபிடித்துக் காறித் துப்பலாம். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

2

ஆரம்பம், முதல் முயற்சி:

'மலைகள் பச்சைக் கம்பளம் போர்த்தி உறங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கம்பளத்தின் நடுவே, முதுகில் கூடையோடு, அன்னாள்—'

[அடித்துவிட்டேன். தேயிலைக் காட்டுக்குள் ஒரு தடவை நடந்து பார்த்தவர்கள் கம்பளம் என்று எழுதமாட்டார்கள். குச்சி தொடையைக் கிழிக்கும். தவிர, அன்னாள் கொழுந்து எடுத்து நான் பார்த்ததே இல்லை.]

இரண்டாம் முயற்சி:

'பிள்ளையை அடிக்கக் கூடாது என்றுதான் அன்னாள் தினமும் நினைப்பாள். ஆனால் அந்தக் காலையில்—'

[எந்தக் காலையில்? அந்த லயத்துக்குள், தொழிலாளர் வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறைக்குள், நானா இருந்தேன்? அவள் என்ன நினைப்பாள் என்று எனக்கு யார் சொன்னது? சீ.]

மூன்றாம் முயற்சி:

'சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. முடித்த, தமிழும் மலையாளமும் சரளமாகத் தெரிந்த, நல்ல குடும்பத்துப் பெண் ஒருத்தி—'

[இது நான். முதலில் 'நல்ல குடும்பத்து' என்பதை மட்டும் அடித்தேன். பிறகு 'சரளமாக'. பிறகு முழு வரியையும் அடித்தேன். வேண்டுமானால் இந்தக் கதையை வேறு பெயரில் அனுப்பலாம் என்று அப்போதுதான் தோன்றியது. பல பேர் அப்படிச் செய்கிறார்கள்.]

ஆரம்பமே இல்லாமல் உள்ளே போய்விடுவோம்.

3

ஒரு மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவு நடத்திய ஆய்வு அது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வயதுக்குத் தக்கபடி வளர்கிறார்களா, வளர்க்கிறவர்களின் மனசு எப்படி இருக்கிறது, இது அதைப் பாதிக்கிறதா, அது இதைப் பாதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஸ்டேட்டில் இருந்தவர்கள் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறிய தமிழர்கள். படிவமோ மலையாளம். இரண்டும் தெரிந்த பெண் வேண்டும் என்றார்கள். பாலக்காட்டின் கிழக்கே எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் உண்டு. என்னை எடுத்தார்கள்.

ஒரு துணிப்பை கொடுத்தார்கள். அதில் பத்துச் சிவப்பு மரக்கட்டை, நூலில் தொங்கும் சிவப்புக் கம்பளிப் பந்து, படம் போட்ட அட்டைகள், சின்னதாக ஒரு பித்தளை மணி. கட்டைகளைப் பிள்ளை எத்தனை அடுக்குகிறது என்று எண்ண வேண்டும். மணி ஒன்பதாம் கேள்விக்கு. பிள்ளை வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று ஒருமுறை அடிக்க வேண்டும். திரும்பினால் 'ஆம்'. திரும்பாவிட்டால் 'இல்லை'. 'இல்லை' வந்த பிள்ளைகளைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய்க் காது சோதிப்பார்கள். ஆய்வை நடத்திய டாக்டர் சுலோசனா பயிற்சியின்போது இதை மூன்று தடவை சொன்னார். நான் நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

பிள்ளைகளுக்கான கேள்விகள் சுலபம். தாய்மார்களுக்கான கேள்விகளில்தான் திணறினேன். முப்பத்தோராம் கேள்வி: 'பிள்ளை வளர்ப்பது மனதுக்குப் பாரமாக இருக்கிறதா?' அதற்கு ஐந்து பதில்கள்: எப்போதும், அடிக்கடி, சில சமயம், எப்போதாவது, ஒருபோதும் இல்லை. ஒன்றில் டிக் போட வேண்டும்.

கீழ் டிவிஷனில் மூக்கம்மாள் என்று ஒரு பெண். இரண்டு பிள்ளைகள், வெடுக் வெடுக்கென்று பேசுவாள். அவளிடம் இந்த ஐந்தையும் வாசித்துக் காட்டினேன். பேனா பிடித்த பெண் எல்லாருமே எஸ்டேட்டில் டீச்சர்தான்.

"இது என்ன டீச்சர், எப்போதாவதுங்கிய, அடிக்கடிங்கிய. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"பாரமா இருக்குதுங்களான்னுதானுங்க்கா கேக்கறேன்."

"பாரம்னா கிலோவுல கேளுங்க, சொல்லுதேன்."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அவர்களுக்குக் காட்டில் ஒரு நாளைக்கு மூன்று தடவை கொழுந்து நிறுப்பார்கள். முதுகில் எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்று தராசில் மாட்டும் முன்பே சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

"காலையில எந்திரிக்கையில ஒரு எட்டு கிலோ இருக்கும்" என்று மூக்கம்மாள் விரலை மடக்கினாள். "சின்னவன கிரெச்சுல ஆயாகிட்ட விடையில பன்னெண்டு. அவன் என் சேலையப் பிடிச்சிக்கிட்டு அழுதாம்னா இருவதுக்குக் கொறையாது. சாயந்தரம் என்னையப் பாத்துச் சிரிச்சிட்டாம்னா ரெண்டு. போதுமா? எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு எல்லாப் பெண்களிடமும் கிலோவில்தான் கேட்டேன். ஒருத்தியாவது யோசிக்க வேண்டுமே! கேட்டு முடிப்பதற்குள் சொன்னார்கள். சிலர் சொல்லிவிட்டு அழுதார்கள். நான் அதை ஐந்து பதிலாக மாற்றினேன்: இருபதுக்கு மேல் என்றால் எப்போதும், ஐந்துக்குக் கீழ் என்றால் ஒருபோதும் இல்லை, இப்படி. டாக்டர் அசந்துபோனார். "மிடுக்கி", கெட்டிக்காரி, என்று என் முதுகில் தட்டினார்.

(அடிக்குறிப்பு: கிலோ முறையை நானே யோசித்ததாகத்தான் டாக்டரிடம் சொன்னேன். மூக்கம்மாளின் பெயர் எந்த அறிக்கையிலும் கிடையாது.)

4

கடைசி நாளுக்கு வந்துவிட்டோம். இந்தப் பகுதியை மட்டும் நான்கு தடவை எழுதினேன். நான்காவது பிரதி இது, இதில் வரும் 'அவள்' நான்தான்:

'ஆடி மாதத்து மழை விடாமல் கொட்டியது. மேல் டிவிஷனில் ஆறு வீடுகள் பாக்கி. இரண்டு மைல் ஏற்றம். பாதை முழுக்க அட்டை. காலில் உப்புத்துணி கட்டிக்கொண்டு பாதித் தூரம் போனாள். ஓடையில் வெள்ளம் பாலத்தை மூடியிருந்தது. கண்ணுக்கு எதிரே மேல் டிவிஷன் லயங்களின் தகரக் கூரை தெரிந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது. பாலத்தில் ஒரு அடி வைத்தாள், தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. அவள் கண்ணீரோடு திரும்பி—'

நன்றாகத்தானே இருக்கிறது? முடித்ததும் நானே இன்னொரு தடவை வாசித்தேன்.

5

அன்று மழை பெய்யவில்லை.

ஆடி மாதமும் இல்லை, மாசி மாதம். பளிச்சென்று வெயில். அட்டையெல்லாம் மண்ணுக்குள் எங்கோ போயிருந்தது. ஓடையில் செருப்பு நனையாத அளவுக்குத்தான் தண்ணீர். பாலத்தில் ஜீப்பே போகும்.

நான் டிஸ்பென்சரி கம்பவுண்டர் ஏசுரத்தினத்தின் வீட்டில் தங்கியிருந்தேன். அவர் மனைவி கத்தரீனாள் அன்று நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பழம்பொரி போட்டாள். அவர்கள் வீட்டில் ஒரு வாரப்பத்திரிகைக் கட்டு கிடந்தது, அதில் ஒரு தொடர்கதை. கதாநாயகி ரயிலில் ஏறிவிட்டாளா இல்லையா என்கிற இடத்தில் இருந்தேன். காலையில் கத்தரீனாள் கேட்டாள்: "மேல போகலையா டீச்சர்?"

"வெயில் தாழட்டுமுங்க."

வெயில் தாழ்ந்தது. கதாநாயகியும் ஏறிவிட்டாள். எனக்கு எழுந்திருக்க மனசில்லை. நூற்றாறு வீடு ஏறி இறங்கியாயிற்று, எல்லாரும் ஒரே மாதிரிதானே சொல்லுகிறார்கள், இந்த ஆறு வீட்டில் மட்டும் புதிதாக என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று இரண்டு வருஷமாகத் தேடுகிறேன். கிடைக்கவில்லை. காய்ச்சலாவது வந்திருக்கக் கூடாதா?

கங்காணி கொடுத்த பட்டியலில் ஆறு வீட்டுக்கும் பெயர், வயது எல்லாம் இருந்தது. ஜன்னலோரம் மேசையைப் போட்டுக்கொண்டு நிரப்ப ஆரம்பித்தேன். முதல் படிவத்துக்கு ஒவ்வொரு பதிலையும் யோசித்து யோசித்து எழுதினேன். இரண்டாவதுக்கு இல்லை. மூன்றாவது அன்னாளுடையது. அதற்குள் எனக்கு அது பிடித்துப் போய்விட்டது. இதைச் சொல்லத்தான் வேண்டும்: சந்தோஷமாக இருந்தேன்.

சகாயமேரி ஆறு கட்டைகளை அடுக்கினாள். ஏழாவது சரிந்ததும் கை தட்டினாள். இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுகிறாள், உதாரணம்: 'அம்மா, பால்'. அன்னாளின் மனப்பாரம் நான்கு கிலோ. ஏன் நான்கு? பார்க்க நன்றாக இருந்தது. ஒன்பதாம் கேள்விக்கு 'ஆம்'. பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு காலி இடம், அதை யாரும் நிரப்ப வேண்டிய கட்டாயமில்லை. நான் நிரப்பினேன்: 'மணி ஓசை கேட்டதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.' நாற்பதாம் கேள்வி: 'வீட்டுக்கு நேரில் சென்று கேட்டு எழுதப்பட்டதா?' ஆம். கையெழுத்து.

டாக்டர் பிற்பாடு அந்தக் குறிப்பின் கீழே சிவப்பு மையால் கோடிட்டு, 'நல்ல கவனிப்பு' என்று எழுதியிருந்தார்.

எனக்குக் கதை எழுத வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த மாதமே முதல் கதையை எழுதி அனுப்பினேன், அச்சிலும் வந்தது. என் கதைகளில் சின்னச் சின்ன விவரங்கள் உயிரோட்டமாக இருக்கின்றன என்று வாசகர்கள் கடிதம் போடுகிறார்கள். அந்தக் கடிதங்களை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

6

இனி வருவது பூச்சு இல்லாத இடம். ஒரு பத்து நிமிஷம் இருக்கும். அன்னாளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தப் பத்து நிமிஷம்தான்.

மறுநாள் காலை ஏழு மணி. எஸ்டேட் ஆபீஸ் வாசலில் ஜீப் நின்றது. முன்சீட்டில் டாக்டர் சுலோசனா. டிரைவர் குருசாமி என்ஜினைப் போட்டுவிட்டார். பின்னால் நான், மடியில் படிவக் கட்டு, அதன்மேல் துணிப்பை.

"டீச்சர்! டீச்சர், நில்லுங்க!"

குறுக்குப் பாதையில் ஒரு பெண் ஓடிவந்தாள். என்னைவிட இரண்டொரு வயது கூட இருக்கலாம். இடுப்பில் பிள்ளை. பிள்ளைக்குத் துவைத்த கவுன், இரண்டு ரிப்பன், முகம் முழுக்கப் பவுடர். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"பதினாலாம் நம்பர் லயம், டீச்சர். அன்னாள். நேத்து வருவீங்கன்னு கங்காணி சொல்லியிருந்தாரு. வேலைக்குப் பேரு போடாம, பிள்ளையக் குளிப்பாட்டி வச்சிக்கிட்டு சாயந்தரம் வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தேன். பாதை தவறிட்டீங்களோன்னு எங்க வீட்டுக்காரரு கபிரியேலு பாலம் வரைக்கும் வந்து பாத்துட்டுப் போனாரு."

பாலம் வரைக்கும். கத்தரீனாள் வீட்டு ஜன்னலிலிருந்து அந்தப் பாலம் தெரியும்.

"உங்க ஊட்டுது எழுதியாச்சுங்க்கா" என்றேன்.

"எழுதியாச்சா? பிள்ளையப் பாக்காமலா?"

சந்தேகத்தில் கேட்கவில்லை. படித்தவர்களுக்கு அப்படியும் ஒரு வழி இருக்கும்போல என்று ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள்.

"கிரெச் ஆயாகிட்டக் கேட்டு எழுதிட்டனுங்க."

நம்பினாள். ஜீப்பின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். இவ கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கா. இன்னும் அம்மான்னுகூடச் சொல்லல. எங்க அத்த கொழுப்புங்காவ. ஆயாவும் அதத்தான் சொல்லுது. நானும் வேல விட்டு வந்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்து, ஆத்திரத்துல கை நீண்டுருது டீச்சர். போட்டு அடிச்சிருதேன். அடிச்சிட்டு நானும் உக்காந்து அழுவேன். எனக்கு என்ன பயம்னா, காது கேக்காத பிள்ளையப் போட்டு அடிக்கேனோன்னு. நீங்க மணி அடிச்சிப் பாப்பீங்களாம்லா. அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

டாக்டர் முன்னாலிருந்து தலையைத் திருப்பினார். "எந்தா அவிடெ? எல்லாம் எழுதியதல்லே?" என்ன அங்கே, எல்லாம் எழுதியாயிற்றுதானே என்று கேட்கிறார்.

"எழுதியதாணு, டாக்டர்" என்றேன்.

வழியில் ஒரு மாடு நின்றது. குருசாமி ஹாரனை அழுத்தினார். பழைய ஜீப், அந்த ஹாரனுக்கு எனக்கே ஒருமுறை தூக்கிவாரிப்போட்டது. ஆபீஸ் கூரைமேல் இருந்த காக்கைகள் பறந்தன. சகாயமேரி என் பையிலிருந்து வெளியே தொங்கிய சிவப்புக் கம்பளிப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பவில்லை. இமைகூடத் தட்டவில்லை. இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து நான் பார்த்தேன். அன்னாள் பார்க்கவில்லை, அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காது கேக்கும்லா, டீச்சர்?"

இறங்கியிருக்கலாம். பையில் மணி இருந்தது. டாக்டர் நாலடியில் இருந்தார். ஒரு தடவை மணியை அடித்துவிட்டு, டாக்டர் இங்கே வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மடியில் இருந்த கட்டில் நூற்றொன்பதாவது படிவம் இருந்தது, அதில் 'திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்' என்று இருந்தது.

"கேக்குமுங்க."

"நல்லாக் கேக்குமா?"

"நல்லாக் கேக்குமுங்க்கா. கொஞ்ச நாள்ல பேசிருமுங்க."

"மாதாவே!" என்று அன்னாள் சிலுவை போட்டுக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது, சிரிக்கவும் சிரித்தாள். பிள்ளையின் கன்னத்தில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினாள். "ஏ கள்ளி! இம்புட்டு நாளும் காது கேட்டுக்கிட்டேதான் என்னைய ஏய்ச்சியா? வீட்டுக்கு வா, ஒனக்கு இருக்கு."

விளையாட்டாகத்தான் தட்டினாள். பிள்ளையும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஜீப் நகரும்போது அன்னாள் தன் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தாள். எஸ்டேட்டில் அவர்களுக்குக் கொடுக்கும் தேயிலைத்தூள். "எங்ககிட்ட வேற என்ன இருக்கு, டீச்சர்" என்றாள். வாங்கிக்கொண்டேன். வீட்டில் ஒரு மாதம் அந்தத் தூளில்தான் டீ. நல்ல தூள் என்று அம்மா எதிர்வீட்டுக்கும் கொஞ்சம் கொடுத்தாள்.

(அடிக்குறிப்பு: அவள் பேசி முடிக்கும்வரை என் வலது கை பையை அழுத்திப் பிடித்திருந்தது. மணி ஆடிச் சத்தம் வந்துவிடக் கூடாது என்று. இதை இதுவரை எந்தப் பிரதியிலும் எழுதவில்லை.)

7

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. டாக்டர் சுலோசனா. போன வாரம் எழுதிய பிரதியில் அவரை எரிந்து விழுகிறவராக ஆக்கியிருந்தேன். சுருக்கென்ற பேச்சு, சின்னத் தப்புக்கும் வேலையை விட்டு நிறுத்திவிடும் பிடிவாதம். அப்படிப்பட்ட ஆள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தால் பின்சீட்டுப் பெண் பாவம் என்ன செய்வாள் என்று நீங்கள் நினைக்க வேண்டும், அதற்குத்தான்.

அவர் அப்படி இல்லை. கிரெச்சில் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுகிறவர். சொல்லியிருந்தால் என்னைத் திட்டியிருப்பார், ஜீப்பைத் திருப்பியும் இருப்பார்.

இரண்டாவது வாய்ப்பும் எனக்குக் கிடைத்தது. சித்திரையில் கல்லூரியில் எல்லாப் படிவத்தையும் பார்த்து, ஒன்பதாம் கேள்விக்கு 'இல்லை' வந்த பிள்ளைகளைப் பொறுக்கினார்கள். மூன்று பேர். ஒரு பிள்ளைக்குக் காதில் சீழ், மருந்தில் சரியாகிவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்குக் காதில் மாட்டும் கருவி கொடுத்து, பேசப் பழக்கும் பள்ளியிலும் சேர்க்க ஏற்பாடு செய்தார்கள். அந்த மூன்று பெயரைச் சுத்தமான கையெழுத்தில் பிரதி எடுத்தது நான்தான். தாளில் நாலாவது பெயருக்கு இடம் இருந்தது. பேனாவில் மையும் இருந்தது. ஒன்று பொய் என்று சொன்னால் ஆறும் பொய் என்று ஆகும், ஆறு பொய் என்றால் நூற்றுப் பன்னிரண்டையும் யார் நம்புவார்கள், அப்புறம் என் சான்றிதழ் என்ன ஆகும் என்று யோசித்தேன். தாளை மடித்துக் கொடுத்துவிட்டேன்.

ஜீப் கிளம்பிப் போன அன்றைக்கு மாலையில் அன்னாள் வேலை விட்டு வந்து, மகளைக் கூப்பிட்டு, காது நன்றாகக் கேட்கும் என்று டீச்சரே சொல்லிவிட்டதால்—

[என்னால் முடியவில்லை.]

முன்பு அவள் கையைத் தடுக்க ஒரு பயமாவது இருந்தது. காது கேட்காத பிள்ளையாக இருக்குமோ என்கிற பயம். அதை நான் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெட்கம் என்ற சொல் இதற்குப் போதவில்லை. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை, கதை எழுதுகிறவளாம் நான்.

8

முடிவுகள்.

முதல் முடிவு: இரண்டு வாரம் கழித்துக் கதாநாயகி, அதாவது நான், மலையேறுகிறாள். பதினாலாம் நம்பர் லயத்தின் முன் நின்று எல்லாவற்றையும் சொல்கிறாள். அன்னாள், "போகட்டும் டீச்சர், இப்பமாவது வந்தீகளே" என்று கையைப் பிடித்துக்கொள்கிறாள். பிள்ளை நடுவில் வந்து கட்டை அடுக்குகிறது.

பத்திரிகை ஆசிரியருக்கு இது ரொம்பப் பிடிக்கும். நெஞ்சைத் தொடும். எழுதிவிட்டுத்தான் உறைத்தது: அன்னாள் என்னை மன்னித்ததாக நானே, என் கையெழுத்திலேயே, அவள் வீட்டுக்குப் போகாமலே எழுதியிருக்கிறேன். அந்த ஜன்னலோர மேசையில் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இரண்டாம் முடிவு: வேலந்தாவளம் மாட்டுச்சந்தை. கூட்டம். ஒரு காளை அறுத்துக்கொண்டு ஓடிவருகிறது. எல்லாரும் கத்துகிறார்கள், ரிப்பன் கட்டிய ஐந்து வயதுப் பெண் ஒருத்தி மட்டும் திரும்பவே இல்லை. கதாநாயகி பாய்ந்து அவளை இழுத்து—

[நல்ல கூத்து. அன்னாள் எதற்கு வேலந்தாவளத்துக்கு மாடு பிடிக்க வருகிறாள்? மலையேறாமல், எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கிடைக்கிற மாதிரி எனக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. அதில் நான் ஒரு உயிரையும் காப்பாற்றிவிடுகிறேன், பாருங்கள்.]

மூன்றாம் முடிவு: சகாயமேரிக்குக் காது கேட்கும். அன்றைக்குக் கம்பளிப் பந்தில் மனசு போயிருந்ததால் ஹாரனைக் கவனிக்கவில்லை. அடுத்த மாதமே 'அம்மா' என்றாள். இப்போது வாயாடி.

இதைத்தான் தினமும் எழுதுகிறேன். பல் விளக்கும்போது, பஸ்ஸில், ஆபீஸில். இருக்கலாம் அல்லவா? சின்னப் பிள்ளைகள் சில நேரம் அப்படி இருப்பதுண்டு அல்லவா? நூற்றாறு வீட்டில் மணி அடித்தேன். கம்பளிப் பந்தைப் பார்த்துக்கொண்டே மணிக்கும் திரும்பிய பிள்ளைகள் எத்தனையோ பேர். அதுவும் எனக்குத் தெரியும்.

நாலாவதாக ஒன்று இருக்கிறது. சித்தூரிலிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து உடுமலை, உடுமலையிலிருந்து மலை பஸ். விடிகாலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். அவளுக்கு இப்போது ஐந்து வயது. ஐந்து வயதில் கருவி மாட்டினாலும் பேச்சு வரும், தாமதித்தால் கஷ்டம் என்று டாக்டர் ஒரு கூட்டத்தில் சொன்னது நினைவிருக்கிறது. 'நான் கிளம்பிவிட்டேன்' என்று இந்த இடத்தில் எழுதக் கை பரபரக்கிறது. எழுதினால் நீங்களும் நம்புவீர்கள். அதனால்தான் எழுதமாட்டேன். போனால்தான் போனது. இந்தப் பன்னிரண்டு பக்கத்தை எழுத எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், போய்விட்டு வர முடியாவிட்டாலும் போய்ச் சேர.

9

ஆசிரியர் அவர்களுக்கு: முடிவு எழுதவில்லை. கைவசம் ஒரு காலிப் படிவம் மிச்சம் இருந்தது, அதைத் தமிழாக்கி இணைத்திருக்கிறேன். கதையோடு சேர்த்து அப்படியே போட வேண்டும். முப்பத்தோராம் கேள்வியை மூக்கம்மாள் சொன்ன மாதிரி மாற்றியிருக்கிறேன். இந்த முறை அவள் பெயரையும் சொல்லிவிட்டேன்.

வாசிக்கிறவர்களுக்கு: உங்களுக்குள் முடிவு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைக்கு நல்லது நடந்ததாகவே எழுதத் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தயவுசெய்து எழுதாதீர்கள். உங்களில் யாராவது அந்த மலைப்பக்கம் போகிறவர்களாக இருந்தால், கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு போங்கள். பின்னால் நின்று அடிக்க வேண்டும். அடித்துப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

பிள்ளையின் பெயர்: சகாயமேரி.

வயது: ஐந்து.

தாய், தந்தை: அன்னாள், கபிரியேல்.

வீடு: மேல் டிவிஷன், பதினாலாம் நம்பர் லயம்.

கேள்வி 9. பின்னாலிருந்து மணி அடித்தால் பிள்ளை திரும்புகிறதா?

. . . . . . . . . . . .

கேள்வி 31. தாயின் மனப்பாரம் எத்தனை கிலோ?

. . . . . . . . . . . .

கேள்வி 40. வீட்டுக்கு நேரில் சென்று கேட்டு எழுதப்பட்டதா?

இல்லை.

படிவம் எழுதியவரின் பெயரும் ஊரும்:

ஆ. பொன்னாத்தாள், சித்தூர்.